விரல் படும் முன்னே ஒலி தயாராக இருக்கட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கோவில் கூடத்தில் தமிழ் வகுப்பு நடக்கும். பதினைந்து இருபது பிள்ளைகள் வருவார்கள். வாரம் முழுக்கப் பள்ளியிலும் தெருவிலும் பர்மியம்தான். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கொஞ்சம் தமிழ் காதில் விழும். வகுப்பை நடத்துவது என் பெரியம்மா. நான் ரங்கூனில் மகாபந்துலா சாலைப் பக்கம் ஒரு சந்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இரவில் கொஞ்சம் நிரல் எழுதுவேன். “எழுத்தைத் தொட்டா அது பேசணும்ப்பா, வேற ஒண்ணும் வேண்டாம்” என்று பெரியம்மா கேட்டார். போன் பிரவுசரில் ஓடும் அப்படி ஒரு செயலியை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சரியாக வர நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் கற்றதை, இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் நாள் நடந்ததைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். ஏழு வயதுப் பெண் ஒருத்தி ‘ழ’வைத் தொட்டாள். ஒலி வரவில்லை. மறுபடி தொட்டாள், இன்னொரு முறையும் தொட்டாள். பொறுமை போய்ப் பக்கத்தில் இருந்த ‘ள’மேல் விரலை வைத்தபோது, அதுவரை சேர்ந்திருந்த ‘ழ ழ ழ’ மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டின. அவள் திரையில் பார்த்தது ள, காதில் கேட்டது ழ. “ழ” என்று அழகாகத் திருப்பியும் சொன்னாள், ளகரத்தைக் காட்டி.

பர்மியப் பேச்சில் ல, ள, ழ என்ற பிரிவு கிடையாது. ரகரம்கூடப் பேச்சில் யகரமாகிவிடும். ரங்கூன் இப்போது யாங்கோன் ஆனதும் அப்படித்தான். இந்தக் காதுகளுக்கு ல, ள, ழ வேறுபாடு கேட்டுக் கேட்டுத்தான் ஏற வேண்டும். கண் எழுத்தின்மேல் இருக்கிற அந்த நொடியில் ஒலி வரவில்லை என்றால், அந்தச் செயலி இல்லாமலே இருக்கலாம். பிழையைக் கற்றுக்கொடுப்பதைவிட ஒன்றும் கற்றுக்கொடுக்காதது நல்லது.

நான் செய்திருந்தது எல்லோரும் முதலில் செய்வதுதான். எழுத்துக்கு ஒரு கோப்பு, 247 கோப்புகள். தொட்டதும் புதிதாக ஓர் ஆடியோ உறுப்பை (வலைப்பக்கத்தில் ஒலிக்கோப்பை ஓட்டும் சாதாரணக் கருவி) உருவாக்கி ‘ப்ளே’ என்று கட்டளை கொடுத்தேன். கோப்பு அப்போதுதான் இணையத்திலிருந்து கிளம்பும். வந்து சேரும் வரை கட்டளை காத்திருக்கும், வந்ததும் ஒலிக்கும். மூன்று முறை தொட்டால் மூன்று கட்டளை காத்திருக்கும். என் கடையில் வைஃபை நன்றாக ஓடும் நேரத்தில் இது தெரியவே இல்லை. எங்கள் பகுதியில் மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். கோவிலில் மின்சாரம் போனால் வைஃபையும் போய்விடும், பிள்ளைகள் போன் டேட்டாவை நம்பியிருக்க வேண்டும். அங்கேதான் குட்டு வெளிப்பட்டது.

அப்புறம் ஆடியோ உறுப்பில் ‘ப்ரீலோட் ஆட்டோ’ என்று போட்டேன். போதவில்லை. அது பிரவுசரிடம் நாம் சொல்லும் ஒரு விருப்பம்தான். போன் டேட்டாவில் இருக்கும்போது அதைக் கண்டுகொள்ளாமல் விட பிரவுசருக்கு உரிமை உண்டு.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அரிசி வீட்டில் இருப்பது வேறு, சோறு இலையில் இருப்பது வேறு. கோப்பு போனுக்கு வந்துவிட்டது என்றால் அரிசி வந்திருக்கிறது, அவ்வளவுதான். எம்பி3யைப் பிரித்து, ஸ்பீக்கருக்கு அனுப்பக்கூடிய எண்களாக மாற்றி நினைவகத்தில் வைத்தால்தான் சோறு. முன்கூட்டியே ஏற்றுவது என்று நான் சொல்வது இந்த இரண்டாவதைத்தான். விரல் படும்போது மிச்சமிருக்க வேண்டிய வேலை ‘ஒலி’ என்று சொல்வது மட்டுமே.

வலையில் இதற்கான கருவி, பிரவுசருக்குள்ளேயே இருக்கும் வெப் ஆடியோ ஏபிஐ. முதலில் ஓர் ஆடியோகான்டெக்ஸ்ட் (ஒலி வேலையெல்லாம் நடக்கும் களம்) உருவாக்குங்கள், செயலி முழுவதற்கும் ஒன்றே ஒன்று. ஃபெட்ச் மூலம் கோப்பை வரவழையுங்கள், பதிலை அர்ரேபஃபராக (கோப்பின் பைட்கள் அப்படியே, அதாவது அரிசி) வாங்குங்கள், அதை டிகோட் செய்ய, அதாவது பிரித்து எண்களாக்க, டிகோட்ஆடியோடேட்டாவிடம் கொடுங்கள். கையில் வருவது ஆடியோபஃபர், அதுதான் சோறு. அதை எழுத்தின் பெயரோடு ஒரு பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். டிகோட்ஆடியோடேட்டா நீங்கள் கொடுத்த அர்ரேபஃபரைத் தன்வசம் எடுத்துக்கொள்ளும். பிறகு அதே அர்ரேபஃபரைத் திரும்பப் பயன்படுத்த முயன்றால் பிழை வரும். அது தெரியாமல் ஓர் இரவு முழுக்கத் தேடினேன்.

ஒலிக்க வைக்க, பஃபரை ஓட்டும் ஆடியோபஃபர்சோர்ஸ்நோட் (சுருக்கமாக நோடு) வேண்டும். இது ஒருமுறைக்கு மட்டும். ஒரு நோடை ஒரு தடவைதான் ‘ஸ்டார்ட்’ செய்யலாம், இரண்டாம் தடவை அழைத்தால் பிழை. அதனால் ஒவ்வொரு தொடுதலுக்கும் புதிய நோடு உருவாக்கி, பட்டியலில் உள்ள பஃபரை அதில் மாட்டி, வெளியீட்டோடு இணைத்து, ஸ்டார்ட் கொடுங்கள். புதிது புதிதாக உருவாக்குவது வீண் செலவு என்று தோன்றும். அப்படியில்லை. நோடு மிகச் சிறியது, ஒலித்து முடிந்ததும் பிரவுசரே அப்புறப்படுத்திவிடும். கனமானது பஃபர்தான், அது ஒன்று இருந்தால் போதும், எத்தனை நோடுகள் வேண்டுமானாலும் அதைப் பகிர்ந்துகொள்ளும்.

இனி 247 கோப்புகள். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் பழைய முறையான எச்டிடிபி 1.1இல் பிரவுசர் ஒரு சர்வரோடு ஒரே நேரத்தில் ஆறு இணைப்புகள்தான் வைக்கும். மற்ற கோரிக்கைகள் வரிசையில் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே பெரிய கோப்பாகச் செய்தால், நெட் பாதியில் அறுந்தால் மொத்தமும் போச்சு. எத்தனையாகப் பிரிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மாவின் சுவர் அட்டையைப் பார்த்தேன். உயிர் பன்னிரண்டோடு ஆய்தம் சேர்த்தால் 13. ககர வரிசையில் மெய் ஒன்று, உயிர்மெய் பன்னிரண்டு, அதுவும் 13. பதினெட்டு மெய் வரிசை, ஓர் உயிர் வரிசை, ஆக 19 வரிசை. 19 பெருக்கல் 13 சரியாக 247. நெடுங்கணக்கே எனக்குக் கோப்பு அமைப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டது.

அதனால் 19 கோப்புகள். ஒவ்வொன்றும் 13 நொடி, எழுத்துக்கு ஒரு நொடி இடம். முதல் இடத்தில் மெய் (உயிர் வரிசையில் ஆய்தம்), அடுத்து அ முதல் ஔ வரை. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அகரம் 1, ஊகாரம் 6, ஔகாரம் 12. ‘கூ’ வேண்டுமென்றால் ககரக் கோப்பில் ஆறாவது நொடி. ஸ்டார்ட் மூன்று எண்களை வாங்கும்: எப்போது தொடங்க வேண்டும், பஃபருக்குள் எங்கிருந்து, எவ்வளவு நேரம். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தனி அட்டவணை எழுதவே வேண்டியதில்லை.

ஒலியை அந்த நொடியின் தொடக்கத்திலேயே ஒட்ட வைக்காதீர்கள். எம்பி3 எழுதும்போது முன்னால் சிறிது வெற்றொலி சேர்ந்துவிடும். நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலி அலையை அளந்த எண்கள்) என்ற வேகத்தில் அது ஏறக்குறைய 25 மில்லிநொடி. சில பிரவுசர்கள் அதை நீக்கிவிட்டுத் தருகின்றன, சில அப்படியே தருகின்றன. நான் ஒவ்வோர் எழுத்தையும் 0.2 நொடியில் தொடங்கும்படி வைத்து, 0.18இலிருந்து 0.8 நொடி நேரம் ஒலிக்க விடுகிறேன். ‘கூ’ என்றால் 6.18இலிருந்து. இப்படி வைத்தால் இரண்டு வகைப் பிரவுசரிலும் எழுத்தின் தலை வெட்டுப்படாது, முந்தைய எழுத்தின் வாலும் ஒட்டிக்கொள்ளாது.

ஒலிப்பதிவைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான கோளாறு அங்கேதான் பிறந்தது. மின்சாரம் போனால் தெரு முழுக்க ஜெனரேட்டர் சத்தம், இருந்தால் மின்விசிறி, வண்டிகள். பெரியம்மாவும் நானும் விடியற்காலை ஐந்து மணிக்கு, காக்கைகள் கத்தத் தொடங்கும் முன், அலமாரிக் கதவைத் திறந்து வைத்துத் துணிகளுக்கு முன்னால் உட்கார்ந்து பதிவு செய்தோம். போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேருக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில். பகரத்தின் காற்று மைக்கில் அடிக்காமல் இருக்க அதுதான் வழி.

வகுப்பில் மெய்யெழுத்தை இக், இங், இச் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். பதிவை ஒலி திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் போட்டு, வெற்றிடத்தைத் தானாக நறுக்கும் வசதியை ஓட்டினேன். அதன் நேர அளவை மிகக் குறைவாக வைத்துவிட்டேன். ஒலித்துப் பார்த்தால் இக், இட், இப் மூன்றும் ஒரே மாதிரி ‘இ’ என்று மட்டும் கேட்டன. பெரிதாக்கி அலையைப் பார்த்தேன். ‘இ’ முடிந்ததும் நாக்கு அடைத்து நிற்கிறது, அங்கே கோடு தட்டையாக இருக்கிறது, அதற்குப் பிறகு ஒரு சிறு முள்போல வெடிப்பு. அந்த முள்தான் ககரம். கருவி தட்டையான இடத்தைப் பார்த்ததும் ஒலி முடிந்தது என்று நினைத்து முள்ளையும் சேர்த்து வெட்டிவிட்டது. வல்லினம் முழுக்க இப்படித்தான்: அடைப்பும் எழுத்தின் பகுதியே, அந்த மௌனத்தை வெட்டினால் எழுத்தே போய்விடும். தமிழ் ஒலிகளைக் கையால் வெட்டுங்கள். 247 எழுத்து என்றாலும் இரண்டு இரவில் முடியும் வேலைதான்.

நினைவகக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் மேலே போகாதீர்கள். எம்பி3யாக 64 கிலோபிட் வேகத்தில் ஒரு கோப்பு சுமார் 104 கிலோபைட், பத்தொன்பதும் சேர்ந்து 2 மெகாபைட். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் டிகோட் செய்த பிறகு ஒவ்வொரு மாதிரிக்கும் 4 பைட். 48,000 மாதிரி வேகத்தில் ஒற்றை ஒலித்தடம் நொடிக்கு 1,92,000 பைட், 247 நொடிக்கு ஏறக்குறைய 47 மெகாபைட். ஸ்டீரியோவாகப் பதிந்திருந்தால் இரண்டு மடங்கு. பிள்ளைகளிடம் இருப்பது 2 ஜிபி ராம் உள்ள, அண்ணன் அக்காவிடமிருந்து வந்த பழைய போன். வேறு ஏதாவது செயலி திறந்திருந்தால் பிரவுசரையே போன் மூடிவிடும்.

இரண்டு வழியில் இறக்கினேன். பேச்சுக்கு ஸ்டீரியோ தேவையே இல்லை, மோனோ போதும். ஆடியோகான்டெக்ஸ்ட் உருவாக்கும்போதே சாம்பிள்ரேட் 24,000 என்று கொடுத்துவிட்டால், டிகோட்ஆடியோடேட்டா எல்லாவற்றையும் அந்த வேகத்துக்கு மாற்றித் தரும். 47 பாதியானது, ஒரு வரிசைக்கு 1.25 மெகாபைட்தான். பெரியம்மாவின் குரலில் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. அதற்கும் மேல், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் வரிசையும் அடுத்த வரிசையும் உயிர் வரிசையும் மட்டும் டிகோட் ஆகி இருக்கும். மற்றவை எம்பி3யாகவே போனில் கிடக்கும். பாட்டு, கதை போன்ற நீண்ட ஒலிகளுக்கு இந்த வழியே வேண்டாம். ஐந்து நிமிடப் பாட்டை முழுதாக டிகோட் செய்து வைப்பது அண்டாவில் காப்பி போடுகிற மாதிரி. அதற்குச் சாதாரண ஆடியோ உறுப்பே சரி.

தயாராகாத எழுத்தைத் தொட்டால் என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள். காத்திருக்க வைத்துப் பிறகு ஒலிக்க விடாதீர்கள், அந்தப் பெண்ணுக்கு நடந்தது மறுபடி நடக்கும். எங்கள் பலகையில் தயாராகாத வரிசை மங்கலாக இருக்கும், தயாரானதும் கறுப்பாகும். பிள்ளைகள் அதை ஒரே நாளில் புரிந்துகொண்டார்கள்.

இன்னொரு தடை, திறந்ததும் ஊமையாக இருப்பது. 2018 டிசம்பரில் வந்த குரோம் 71 முதல், பயனர் ஏதாவது தொடும் வரை ஆடியோகான்டெக்ஸ்ட் ‘சஸ்பெண்டட்’ நிலையில்தான் இருக்கும். பெரிதாக எந்தப் பிழையும் காட்டாது, ஒலி வராது, அவ்வளவே. டிகோட் வேலைக்கு அது தடையில்லை, அதை முன்பே செய்துகொள்ளலாம். நான் முதல் திரையில் ‘தொடங்கலாம்’ என்று ஒரு பெரிய பொத்தான் வைத்து, அதன் கிளிக்கில், கான்டெக்ஸ்டை எழுப்பும் ரெஸ்யூம் கட்டளையை அழைக்கிறேன். எழுத்துகளுக்குக் கிளிக் வேண்டாம், பாயின்டர்டவுன் நிகழ்வைப் பிடியுங்கள். விரல் எடுத்த பிறகு வருவது கிளிக், வைத்ததும் வருவது பாயின்டர்டவுன். ஆனால் தொடுதிரையில் பாயின்டர்டவுனை வைத்து ரெஸ்யூம் செய்ய முடியாது, பிரவுசர் அதைப் பயனரின் அனுமதியாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் அந்தத் தனிப் பொத்தான். ஐபோனில் அழைப்பு வந்து போனால் கான்டெக்ஸ்ட் நின்றுபோயிருக்கலாம். திரும்பி வரும்போது நிலையைப் பார்த்து, ஓடவில்லை என்றால் அதே பொத்தானைக் காட்டிவிடுங்கள்.

ஒரு எழுத்து ஒலிக்கும்போது இன்னொன்றைத் தொட்டால் முதலாவதை நிறுத்த வேண்டும். சட்டென்று ஸ்டாப் கொடுத்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், அலை நடுவில் அறுபடுவதால். நோடுக்கும் வெளியீட்டுக்கும் நடுவில், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கெய்ன்நோடு வையுங்கள். அப்போதைய நேரத்தில் செட்வேல்யூஅட்டைம் மூலம் 1 என்று குறித்து, லீனியர்ராம்ப் மூலம் 10 மில்லிநொடியில் 0க்கு இறக்கி, அதற்குப் பிறகு ஸ்டாப். அந்த 1ஐக் குறிக்காமல் விட்டால் இறக்கம் எங்கிருந்து தொடங்குவது என்று அதற்குத் தெரியாது.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் விளையாட்டும் வைத்திருக்கிறோம்: ப, ழ, இம், அப்புறம் ‘பழம்’. எழுத்தொலிகளை ஒட்டினால் சொல் வராது, சொல்லைத் தனியாகப் பதிய வேண்டும். வரிசையாக ஒலிக்க, ‘இத்தனை நேரம் கழித்துச் செய்’ என்று சொல்லும் செட்டைம்அவுட்டை நம்பாதீர்கள். போன் திணறும்போது இடைவெளி கூடும் குறையும், பின்னணிக்குப் போனால் நொடிக்கு ஒரு முறைதான் அது விழிக்கும். கான்டெக்ஸ்டின் சொந்தக் கடிகாரமான கரன்ட்டைமை எடுத்து 0.05 கூட்டி, அதிலிருந்து 0, 0.9, 1.8, 2.7 என்று நான்கு ஸ்டார்ட்டையும் ஒரே மூச்சில் கொடுத்துவிடுங்கள். தாளம் தவறாது.

நெட் இல்லாதபோதும் ஓட சர்வீஸ் ஒர்க்கர் (பின்னால் இருந்து, சேமித்த கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் நிரல்) தேவை. அதற்கு எச்டிடிபிஎஸ் கட்டாயம், உங்கள் சொந்தக் கணினியில் சோதிக்கும்போது மட்டும் விலக்கு. கேஷில், அதாவது போனிலேயே உள்ள சேமிப்பில், போட ஆட்ஆல் என்ற வசதி உண்டு, ஆனால் 19இல் ஒன்று தவறினாலும் மொத்தத்தையும் தள்ளிவிடும். இங்குள்ள நெட்டுக்கு அது ஆகாது. ஒவ்வொரு கோப்பாகத் தனித்தனியே சேர்த்து, தவறியதை மட்டும் அடுத்த முறை முயலச் சொல்லுங்கள்.

வலை இல்லாமல் ஆண்ட்ராய்டு செயலியாகவே எழுதுகிறவர்களுக்கு சவுண்ட்பூல் இருக்கிறது, சிறு ஒலிகளுக்கென்றே செய்தது. அதில் லோட் உடனே திரும்பிவிடும், ஏற்றம் பின்னால் நடக்கும். ஏறி முடிந்தது என்ற அறிவிப்பு வரும் முன் ப்ளே கொடுத்தால் ஒலி வராது, பூஜ்யம்தான் திரும்பும். பைத்தானில் எழுதுகிறவர்களின் பைகேம் என்றால் மிக்சரின் சவுண்ட் முன்கூட்டி ஏற்றுவது, மியூசிக் ஓட ஓடப் படிப்பது. எழுத்துக்கு முன்னது, பாட்டுக்குப் பின்னது.

எல்லாம் சரியான பிறகும் ஒரு ஞாயிறு ‘இக்’ வெறும் ‘க்’ என்று கேட்டது. கூடம் பெரிது என்று ஒருவர் ப்ளூடூத் ஸ்பீக்கர் கொண்டுவந்திருந்தார். அமைதியாக இருக்கும்போது அது உறங்கிவிடுகிறது, ஒலி வந்ததும் விழித்துக்கொள்ள எடுக்கும் நேரத்தில் முதல் உயிரை விழுங்கிவிடுகிறது. காதுக்குக் கேட்காத அளவு மெல்லிய ஒலியை இடைவிடாமல் ஓடவிட்டு அதை விழிப்பாக வைத்திருக்கலாம். அப்படிச் செய்ததும் விழுங்குவது நின்றது, தாமதம் நிற்கவில்லை.

தாமதத்தை நீங்களே அளக்கலாம். இன்னொரு போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பக்கத்தில் வையுங்கள். நகத்தால் எழுத்தைத் தட்டுங்கள். கண்ணாடியில் நகம் படும் ‘டிக்’ ஒரு முள்ளாக விழும், பிறகு எழுத்தின் ஒலி. ஆடாசிட்டியில் இரண்டுக்கும் நடுவே தேர்ந்தெடுத்தால் கீழே நேரம் காட்டும். கடையில் கிடந்த பழைய போனில், அதன் சொந்த ஸ்பீக்கரில் அளந்தபோது 120 மில்லிநொடி வந்தது. அதே போனை ப்ளூடூத்தில் இணைத்ததும் 340. மறுநாளே கடையிலிருந்து ஐந்து மீட்டர் ஒயர் ஒன்றை எடுத்துக் கோவில் ஸ்பீக்கருக்கு இழுத்துவிட்டேன்.